முதுகுப் பையோடு ஐரோப்பா: ராம்நாட்டுக் கரையிலிருந்து கிளம்பும் ஜோடிகளுக்கு ஒரு வழிகாட்டி

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட்டைத் தேடி நீங்கள் போக வேண்டாம், கண்டக்டரே வருவார். கண்ணயர்ந்துவிட்டால் "உச்சிப்புளி கேட்டது யாருப்பா?" என்று குரல் கொடுத்து எழுப்பியும் விடுவார். லாட்ஜில் சாவி கொடுக்க ஒருவர், ஸ்டேஷனில் வழி சொல்ல நாலு பேர், கடற்கரையில் "தம்பி, அங்கிட்டுப் போகாதே" என்று அதட்ட ஒரு பெரியவர் என்று நம் ஊரில் எங்கு போனாலும் ஓர் ஆள் இருப்பார். ஐரோப்பாவில் பல இடங்களில் அந்த ஆள் கிடையாது. விதி மட்டும் இருக்கும். அது ஒரு பலகையிலோ டிக்கெட்டின் பின்பக்கத்திலோ எழுதியிருக்கும், நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருப்பீர்கள் என்று அந்த ஊரே நம்பிக்கொண்டிருக்கும்.

ராமநாதபுரத்தில் விசா விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது என் தொழில். முன்பெல்லாம் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போகிறவர்கள்தான் வருவார்கள். இப்போது கல்யாணமாகி ஓரிரு வருடம் ஆன பிள்ளைகள், ஆளுக்கொரு முதுகுப் பையோடு ஐரோப்பாவைச் சுற்றிவரக் கேட்டு வருகிறார்கள். போய்வந்தவர்கள் இனிப்போடு வந்து உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறார்கள். அந்தக் கதைகளைக் கேட்கக் கேட்க எனக்கு ஒன்று தெளிவானது: சொல்ல ஆள் இல்லாத இடத்தில், யாராவது சொல்வார்கள் என்று இருந்ததுதான் அத்தனைக்கும் காரணம். ஆகவே அந்த ஆள் சொல்லியிருக்க வேண்டியதை எல்லாம் நான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் கதைகள் பெரும்பாலும் பாம்பன் ஜோடி ஒன்றுடையது. கணவர் வலைக்காரக் குடும்பத்துப் பிள்ளை, இப்போது கம்ப்யூட்டர் வேலை. அந்தப் பெண் தங்கச்சிமடம், பள்ளிக்கூட ஆசிரியை. "எழுதுங்கண்ணே, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

முதல் படி: விசா

ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் 29 நாடுகளுக்குள் போகலாம். பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்பெயின் எல்லாம் இதில் அடக்கம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத நாடு என்றாலும் ஷெங்கனில் உண்டு. இங்கிலாந்தும் அயர்லாந்தும் இல்லை. லண்டனில் இருக்கும் மாமாவை இரண்டு நாள் பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் அதற்குத் தனி விசா வேண்டும். அங்கிருந்து மறுபடி பாரிஸுக்குள் வர, ஷெங்கன் விசாவும் பலமுறை நுழையக்கூடியதாக இருக்க வேண்டும். இதைக் கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி எளிது. அதிக நாள் தங்கப்போகும் நாடு எதுவோ, அதனிடம். எல்லா நாட்டிலும் ஒரே அளவு நாள் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு. "அந்த நாட்டில் சீக்கிரம் கிடைக்கிறதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தங்காத நாட்டின் பேரில் விண்ணப்பிக்காதீர்கள். திட்டமும் முன்பதிவும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத விண்ணப்பத்தைத்தான் முதலில் தள்ளுகிறார்கள்.

பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு என்பது கடைசி எல்லை. அதுவரை காத்திருக்காதீர்கள், கோடை விடுமுறைக்கு முன்னால் சென்னை மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லக்கூடியதாகவும், 2 பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும். கைரேகை வைக்க இருவருமே நேரில் போக வேண்டும். ஒருவருக்காக மற்றவர் போக முடியாது.

நம் பக்கத்து ஜோடிகளுக்கு இன்னொரு சிக்கல், பெயர். கணவரின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இவர்கள் கணவன் மனைவி என்று சொல்ல ஓர் எழுத்துகூட இருக்காது. அதற்காக பாஸ்போர்ட்டை மாற்றத் தேவையில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய திருமணப் பதிவுச் சான்று ஒன்று கையில் இருந்தால் போதும். பத்திரிகையும் மண்டபத்தில் எடுத்த போட்டோவும் அதற்கு ஈடாகாது. டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே பெயர் இருக்க வேண்டும். இனிஷியலை முன்னால் போட்டு அழகுபடுத்த வேண்டாம்.

இரண்டாம் படி: எத்தனை ஊர்?

பத்து நாளில் ஏழு நாடு என்று தாளில் எழுதிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: துணி எப்போது துவைப்பீர்கள்? இரண்டு வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு ஊர் போதும். ஓர் ஊரில் குறைந்தது மூன்று இரவு. ஜோடியாகப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் தினமும் பையைக் கட்டி அவிழ்த்து, காலையில் ரயிலைப் பிடித்து ஓடினால் நான்காம் நாள் யாரும் யாருடனும் பேசமாட்டார்கள். எந்த ஊரையும் பார்க்காத ஒரு நாளைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். தூங்குவதற்கும் துணி துவைப்பதற்கும், வேண்டுமானால் சண்டை போட்டு சமாதானம் ஆவதற்கும் அந்த நாள்.

பார்க்கப் போகும் இடத்துக்கு வார விடுமுறை எது என்று முன்பே பாருங்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்த வீட்டுக்கு நுழைவுச்சீட்டு இணையத்தில் மட்டும்தான். வாசலில் போய் நின்றால் வெளியிலிருந்து சுவரைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

மூன்றாம் படி: பையும் பொட்டலமும்

முதுகுப் பை 40 லிட்டர் போதும். ஐரோப்பாவுக்குள் மலிவு விமானத்தில் பறப்பதாக இருந்தால், இலவசமாக அனுமதிக்கும் பை அதைவிடச் சிறியது. பல நிறுவனங்களில் 40×30×20 செ.மீ. அதற்கு மேல் என்றால் முன்பே காசு கட்டுங்கள், விமான நிலையத்தில் கட்டினால் டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். அந்த விமானம் இறங்கும் இடம் எது என்றும் பாருங்கள். பாரிஸ் என்று பேர் போட்டிருக்கும் போவே விமான நிலையம் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கி.மீ. தள்ளி இருக்கிறது. ராமநாதபுரம் என்று சொல்லி அருப்புக்கோட்டையில் இறக்கிவிட்ட கணக்கு அது.

நகை வேண்டாம். தாலிச்சங்கிலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய சங்கிலியிலோ கோத்துக்கொண்டு போகிறார்கள், அதுவே நல்லது. பாரிஸ், ரோம், பார்சிலோனா மூன்றிலும் பிக்பாக்கெட் தொல்லை உண்டு. கையெழுத்துப் போடச் சொல்லித் தாளை நீட்டுகிறவர், கையைப் பிடித்துக் கயிறு கட்ட வருகிறவர், கீழே கிடந்த மோதிரம் உங்களுடையதா என்று கேட்கிறவர், இந்த மூவரிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள்.

இனி சாப்பாடு. அம்மாக்கள் கட்டிக்கொடுக்கும் பொட்டலத்தில் எது போகும், எது போகாது என்று தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஆகவே நெய், பால்கோவா, கோழி ஊறுகாய் கிடையாது. பச்சைக் கறிவேப்பிலைக் கொத்தும் கூடாது. ஆனால் மீனுக்குத் தடை இல்லை. சொந்த உபயோகத்துக்கு ஒருவர் 20 கிலோ வரை கொண்டுபோகலாம், உலர்ந்த மீனும் அதில் சேர்த்தி. ஆம், கருவாடு போகும். தேங்காயும் போகும். கீழக்கரைத் தொதல் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுவது, பால் சேராதது. நாளாகியும் கெடாது, பசிக்குத் தாங்கும். சாயல்குடிக் கருப்பட்டி ஒரு வட்டு, நம் முண்டு மிளகாயில் அரைத்த பொடி ஒரு பாக்கெட், அவ்வளவு போதும்.

தங்கவைக்கும் நண்பர்களுக்குப் பரிசாகச் சங்கோ பவளப்பாறைத் துண்டோ எடுத்துப் போகவே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது. கரையில் கிடந்ததுதானே என்ற பேச்சு எந்த விமான நிலையத்திலும் செல்லாது. பனை ஓலைக் கொட்டான் கொடுங்கள். எடை இல்லை, பார்க்க அழகு, நம் ஊர்ப் பெண்கள் கையால் பின்னியது.

நான்காம் படி: எல்லாவற்றையும் இரண்டாகப் பிரியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நம் வழக்கத்தில் பாஸ்போர்ட், பணம், டிக்கெட் எல்லாம் கணவர் இடுப்பில், சாப்பாடும் துணியும் மனைவி பையில். பாம்பன் ஜோடியும் அப்படித்தான் போனார்கள். சிம் கார்டுகூட ஒன்றுதான் வாங்கினார்கள். அவர் போனிலிருந்து இவர் போனுக்கு இணையம் பகிர்ந்துகொள்ளலாம், எப்போதும் கூடவேதானே இருக்கப்போகிறோம் என்ற நினைப்பு.

பெர்லினிலிருந்து கொலோன் போகும் ரயில். ஹானோவரில் வண்டி நின்றபோது அவர் இறங்கி, நடைமேடை வழியாகவே முன்பக்கம் நடந்து, காலியாக இருந்த பெட்டி ஒன்றில் ஏறி போனைச் சார்ஜ் போட்டார். பின்னால் இருக்கும் மனைவியிடம் உள்வழியாகவே திரும்பிவிடலாம் என்று நினைத்தார். அது ஒரு ரயில் அல்ல, இரண்டு ரயிலை மூக்கோடு மூக்கு சேர்த்திருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளே வழி கிடையாது. ஹாம் என்ற சந்திப்பில் இரண்டும் பிரிந்தன. மனைவி இருந்த பாதி கொலோனுக்கு, கணவர் இருந்த பாதி டியூசல்டார்ஃபுக்கு.

டிக்கெட் பரிசோதகர் வந்தபோது அந்தப் பெண்ணிடம் டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை, ஒரு யூரோகூட இல்லை, போனில் சிக்னல் இல்லை. மடியில் இரண்டு பை, ஒரு தூக்குச்சட்டி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நிதானத்தோடு நடந்ததைச் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர் அவர், அபராதம் எழுதவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் எந்த ஊரில் இறங்குவார், அங்கிருந்து கொலோனுக்கு எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர்களைக் காப்பாற்றியது வீட்டுப் பழக்கம் ஒன்று. ஓரியூர் திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும்போது, கூட்டத்தில் பிரிந்துபோனால் கொடிமரத்தடியில் வந்து நிற்க வேண்டும் என்று அந்தப் பெண்ணின் அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார். பெர்லினில் வண்டி ஏறும்போதே "ஏதாச்சும் ஆனா கோயில் வாசல்ல நிப்பேன்" என்று அந்தப் பெண்ணும் சொல்லி வைத்திருந்தார். கொலோன் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாலே பேராலயம், 157 மீட்டர் கோபுரம், தவறவே வழியில்லை. கணவர் டியூசல்டார்ஃபில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடித்து, அடித்துப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மனைவி ஆலயத்துக்கு முன் படிக்கட்டில் உட்கார்ந்து புளிச்சோற்றை முடித்துக்கொண்டிருந்தார். "சாப்பாட்டுப் பை எங்கிட்டதான இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாராம்.

ஆகவே கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள். ஆளுக்கொரு பாஸ்போர்ட், அவரவர் உடம்பில். ஆளுக்கொரு சிம். ஆளுக்கொரு கார்டு, கொஞ்சம் ரொக்கம். டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் இருவர் போனிலும், கூடவே தாளிலும். கணவரின் பாஸ்போர்ட் நகல் மனைவி பையில், மனைவியுடையது கணவர் பையில். ஒவ்வொரு ஊரிலும் இறங்கியதும் ஒரு கொடிமரத்தை முடிவு செய்யுங்கள்: பிரிந்தால் இங்கே வர வேண்டும், வந்தவர் நகரக் கூடாது. ரயிலில் ஏறும்போது உங்கள் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் போகும் ஊரின் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏறுங்கள். ஒரே வண்டி என்று கண்ணுக்குத் தெரிவது இரண்டாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: டிக்கெட்டைப் பதியுங்கள்

பெர்லினிலும் வியன்னாவிலும் மெட்ரோவுக்குக் கதவு இல்லை. யாரும் தடுக்கவும் மாட்டார்கள். ஆனால் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. தாள் டிக்கெட்டை நடைமேடையிலோ அதற்குப் போகும் வழியிலோ இருக்கும் சின்னப் பெட்டியில் நுழைத்து நேர முத்திரை குத்த வேண்டும். இத்தாலியில் உள்ளூர் ரயிலின் தாள் டிக்கெட்டுக்கும் இதே விதி. முத்திரை இல்லாத டிக்கெட் வாங்காத டிக்கெட்டுக்குச் சமம். பெர்லினில் அபராதம் 60 யூரோ. சாதாரண உடையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரே திடீரென்று அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்பார். பாம்பன் தம்பி முத்திரை குத்தாத இரண்டு டிக்கெட்டையும் பெருமையாக நீட்டினார். கசங்காமல் புத்தம் புதிதாக இருந்ததே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகக் கிடைக்கும் யூரெயில் பாஸ் வாங்கினால் எல்லா ரயிலிலும் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் சீட்டைத் தனியாகக் காசு கட்டிப் பதிய வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலும் அது கட்டாயமில்லை. மூன்று நான்கு ஊருக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பாஸை விட முன்பே வாங்கும் தனி டிக்கெட்டுகளே லாபம் என்பது என் கணக்கு.

வெனிஸ் போகிறவர்களுக்கு ஒன்று. அங்கே இரண்டு ஸ்டேஷன்: நிலப்பக்கம் மெஸ்த்ரே, தீவுப்பக்கம் சாந்தா லூசியா. நடுவில் கடல் மேல் ரயில் பாலம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை, ராமேஸ்வரம் போக நினைத்து மண்டபத்தில் இறங்கி முழித்த வெளியூர்க்காரர்களை நாம் பார்த்திருக்கிறோம். மெஸ்த்ரேயில் இறங்கிவிட்டுக் கால்வாயைத் தேடுகிறவர்களின் நிலையும் அதுவே. அறை வாடகை மெஸ்த்ரேயில் குறைவு, அங்கே தங்குவது நல்ல யோசனைதான்; ஆனால் ஊர் பார்க்கச் சாந்தா லூசியா வரை போக வேண்டும். ஒரு நாள் மட்டும் வந்துபோகிறவர்களுக்குக் குறிப்பிட்ட தேதிகளில் நுழைவுக் கட்டணமும் உண்டு. மெஸ்த்ரேயில் தங்குகிறவர்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அதையும் இணையத்தில் பதிந்து சான்று வாங்கி வைத்திருக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னால் இழுக்கிறார்கள். போன் தானே மாறிக்கொள்ளும். அப்பா வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் மாறாது. மார்ச் மாதத்தில் அதை நம்பினால் ரயில் போய்விட்டிருக்கும்.

ஆறாம் படி: தங்குமிடமும் சமையலறையும்

வாடகை வீடு எடுத்தால் சாவி கொடுக்க ஆள் வரமாட்டார். சுவரில் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டி இருக்கும், எண் உங்கள் மின்னஞ்சலில் இருக்கும், மின்னஞ்சல் சார்ஜ் தீர்ந்த போனுக்குள் இருக்கும். அந்த எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கதவு பல இடங்களில் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனாலும் சாவியோடு போங்கள்.

ஜோடிகளுக்கு என் சிபாரிசு, சமையலறை உள்ள ஹாஸ்டலில் தனி அறை. செலவு குறையும், பேச்சுத்துணையும் கிடைக்கும். ஆனால் அந்தச் சமையலறைக்கும் விதி உண்டு.

வியன்னாவில் பாம்பன் ஜோடி இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நம் பக்கம் ஞாயிறு என்றால் கறிக்கடையிலும் மீன்கடையிலும் நிற்க இடம் இருக்காது. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் திறந்திருக்கும். இது தெரியாமல் அரிசி மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றவர்கள், வேறு வழியில்லாமல் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். எண்ணெய் காய்ந்தது. முதல் பிடி கருவாடு விழுந்தது. புகை கூரையில் இருந்த வட்டப் பெட்டியைத் தொட்டதும் கட்டிடம் முழுக்க அலறல்.

அலாரம் அடித்தால் அறையில் இருக்கும் எல்லோரும் தெருவுக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. வந்தார்கள். துண்டோடு ஒருவர், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர், கையில் கிடாரோடு ஒருவர். தீயணைப்பு வண்டியும் வந்தது. தலைக்கவசம் அணிந்த வீரர் ஒருவர் உள்ளே போய், வாணலியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அதற்குள் கிடந்த பொன்னிற நெத்திலிகளை டார்ச் அடித்துப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கடைசியில் துண்டு கட்டியவர்தான் ஒன்றை எடுத்துக் கடித்தவர். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சோற்றோடு கருவாடு ஐந்தாறு நாட்டுக்காரர்களுக்குப் பங்கு போயிற்று என்றாலும், எல்லா ஊரிலும் இப்படி நல்லபடியாக முடியாது. வீண் அலாரத்துக்குக் காசு கேட்கும் இடங்களும் உண்டு.

கருவாடு கொண்டுபோவதாக இருந்தால் ஊரிலேயே தொக்காக்கி, பாட்டிலில் அடைத்து, விமானத்தில் பதிவு செய்து அனுப்பும் பையில் வையுங்கள். கையில் எடுத்துப்போகும் பையில் 100 மில்லிக்கு மேல் அனுமதி இல்லை. அங்கே சூடான சோற்றில் பிசைந்தால் போதும். தாளிப்பது, பொரிப்பது, மிளகாய் வறுப்பது மூன்றையும் ஊர் திரும்பும்வரை மறந்துவிடுங்கள். சனிக்கிழமை மாலைக்குள் ஞாயிற்றுக்கான சாமானை வாங்கிவிடுங்கள்.

ஏழாம் படி: தண்ணீரும் கழிப்பறையும்

கடையில் விலை குறைந்த தண்ணீர் பாட்டில் பல நேரம் சோடாத் தண்ணீர். நாள் முழுக்க முதுகுப் பையில் குலுங்கிய பாட்டிலை, அருங்காட்சியக வரிசையில் நின்று திறந்தால், முன்னால் நிற்பவர் முழுக்க நனைவார். இதற்கும் பாம்பன் தம்பியே சாட்சி. வாங்கும் முன் பாட்டிலை லேசாகச் சாய்த்து, குமிழி எழுகிறதா என்று பாருங்கள். உண்மையில் தண்ணீர் வாங்கவே தேவையில்லை. ரோமில் தெருவோரம் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. வியன்னாவில் 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீர்தான் குழாயில் வருகிறது. ஐந்து குடத்துக்குத் தள்ளுவண்டியோடு அலையும் நம் கடற்கரைப் பெண்கள் அதைக் கண்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். காலி பாட்டில் ஆளுக்கொன்று கொண்டுபோங்கள்.

ஜெர்மனியில் பாட்டில் வாங்கினால் பில்லில் பெரும்பாலும் 25 சென்ட் கூடுதலாக இருக்கும். ஏமாற்று அல்ல, அது முன்பணம். காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் காசு.

கழிப்பறையில் தண்ணீர் இருக்காது, தாள்தான். சிறு பிளாஸ்டிக் குவளையோ மூக்குள்ள பாட்டிலோ பையில் இருக்கட்டும். இத்தாலியில் கொஞ்சம் நிம்மதி: 1975ஆம் வருடச் சட்டப்படி வீடுகளில் கழுவுவதற்கென்றே தனித் தொட்டி உண்டு. ரயில் நிலையக் கழிப்பறைக்குக் காசு வேண்டும், நாணயங்களைச் செலவழித்துவிடாமல் வையுங்கள்.

கார்டு தேய்க்கும்போதோ ஏடிஎம்மிலோ "ரூபாயில் எடுக்கட்டுமா, யூரோவில் எடுக்கட்டுமா" என்று திரை கேட்டால் யூரோ என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் மோசமான மாற்று விகிதத்தில் பணம் கூடுதலாகப் போகும். ஜூன் மாதம் பாரிஸில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகும். இருட்டட்டும், சாப்பிடலாம் என்று இருந்தால் உணவகத்தில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

எட்டாம் படி: கடல்

நம் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது, தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் இந்த இடத்தில்தான்.

இத்தாலியில் வரிசையாக நாற்காலியும் குடையும் போட்ட கடற்கரை, காசு கட்டுகிற கடற்கரை. அரியமானில் உட்காருவது போல் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பில் வரும். இலவசப் பகுதி ஓரத்தில் எங்காவது இருக்கும், கேட்டுப் போங்கள்.

பிரான்ஸின் வடமேற்குக் கரை வேறு மாதிரி. நம் பாக் நீரிணையில் கடல்நீரின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். சான் மாலோ ஊரில் பெரிய ஏற்ற நாட்களில் அது 12 மீட்டரைத் தாண்டும், அதாவது நாலு மாடி உயரத்துக்குத் தண்ணீர். அந்த ஊருக்கு எதிரே கிராண்ட் பே என்று ஒரு சின்னத் தீவு. வற்றத்தில் கால் நனையாமல் நடந்து போகலாம். பாம்பன் ஜோடி நடந்து போனார்கள். வழியின் தொடக்கத்திலேயே ஏற்ற நேரம் எழுதிய பலகை இருந்தது. "நாங்க பாக்காத கடலா" என்று கணவர் அதைத் தாண்டி நடந்தார். குருசடைத் தீவுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர் அல்லவா.

தீவின் மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மனைவிதான் முதலில் பார்த்தார். "ஏங்க, வந்த வழியக் காணோம்."

இந்த இடத்தில் கணவர் செய்தது மிகச் சரி. இடுப்பளவுத் தண்ணீர்தானே, இறங்கி நடந்துவிடலாம் என்று பக்கத்தில் நின்ற வேறு சிலர் சொன்னார்கள். நீரோட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இழுக்குற தண்ணி, யாரும் எறங்கக் கூடாது" என்று அவர் கை காட்டித் தடுத்துவிட்டார். மொழி தெரியாவிட்டாலும் எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். தண்ணீர் ஏறி, நின்று, மறுபடி வடிய மணிக்கணக்கில் ஆயிற்று. அத்தனை பேருக்கும் தொதலைக் கிள்ளிக் கொடுத்து மனைவி அந்தப் பொழுதை ஓட்டினாராம்.

சுற்றுலா அலுவலகத்திலேயே ஏற்ற வற்ற அட்டவணை கிடைக்கும். தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போது போங்கள், திரும்ப ஏறத் தொடங்கும் முன்பே கரைக்கு வந்துவிடுங்கள். மாட்டிக்கொண்டால் உயரமான இடத்திலேயே இருங்கள்.

ஒன்பதாம் படி: தொலைந்தால்

ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கிருந்தும் அவசர எண் 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த வேலை நடக்காது. பிறகு அந்த நாட்டின் இந்தியத் தூதரகம். ஜெர்மனியில் பெர்லின் தவிர ஃபிராங்க்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க்கிலும், இத்தாலியில் ரோம் தவிர மிலானிலும் துணைத் தூதரகம் இருக்கிறது. அவர்கள் கொடுக்கும் அவசரச் சான்றிதழைக் கொண்டு இந்தியாவுக்குத் திரும்பி வரலாம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மீதி நாடுகளைச் சுற்ற முடியாது. ஆகவே இருவரில் ஒருவருடையது தொலைந்தாலும், போலீஸ் நிலையத்தில் காத்திருக்கும் நேரத்திலேயே மற்றவர் மீதி அறைகளையும் ரயிலையும் ரத்து செய்யத் தொடங்கிவிடட்டும். பல ஹாஸ்டல்களில் ஒரு நாள் முன்பு சொன்னால் பணம் திரும்பக் கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே தகவல் சொல்லி, புகார் எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.